ஆக்டிவேட் ஆயிடுச்சு, அப்போ ஒரிஜினல்தானே?

போன மாதம் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, வேர்ட் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. நான் மாத்தவே இல்ல." இந்த எம்எஸ் ஆஃபீஸை ஆன்லைனில் எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "நானூத்தி நாப்பத்தொம்பது. லைஃப்டைம்னு போட்டிருந்தான்" என்றான். அந்த லைஃப்டைமுக்கு ஆயுசு ஐந்து மாதம்.

அவனிடம் லைசென்ஸ் என்று ஒன்றுமே இல்லை. விற்றவன் வாட்ஸப்பில் ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு அனுப்பியிருக்கிறான், அவ்வளவுதான். யூசர்நேமாகக் கொடுத்த மெயில் முகவரியின் வால் ஏதோ வெளிநாட்டுக் கல்லூரியின் பெயர் மாதிரி இருந்தது. கல்லூரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சலுகையில் கொடுக்கிற கணக்குகளில் ஒன்றாக இருக்கலாம். அப்படிப்பட்ட கணக்குக்கு எங்கோ ஒரு அட்மின் இருப்பார். அவர் நினைத்தால் பாஸ்வேர்டை மாற்றலாம், கணக்கையே அழிக்கலாம், கோப்புகளை ஆன்லைனில் சேமிக்கிற ஒன்டிரைவில் கிடப்பதைத் திறந்தும் பார்க்கலாம். நம்ம ஆள் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு நிற்காமல், ஸ்காலர்ஷிப்புக்காக எடுத்த ஆதார் நகல், அக்காவின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் அங்கேயே போட்டு வைத்திருக்கிறான். ரிப்போர்ட்டைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பாஸ்புக் இப்போது யார் கையில் இருக்கிறது?

"ஆனா மாமா, ஆக்டிவேட் ஆச்சே! நல்லாத்தானே ஓடுச்சு" என்றான்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான், வாரத்துக்கு ஒருவராவது இதையே சொல்கிறார்கள். ஆக்டிவேட் ஆனது என்றால், நீங்கள் கொடுத்த கணக்கையோ, கீ என்கிற 25 எழுத்துச் சாவியையோ அந்த நிமிடத்தில் சர்வர் ஏற்றுக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். அதை உங்களுக்கு விற்க அவனுக்கு உரிமை இருந்ததா என்று சர்வர் கேட்பதில்லை. ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கான மெஷின்களுக்கு வாங்கிய வால்யூம் கீயிலிருந்து கசிந்திருக்கலாம். உடைக்கப் போட்ட பழைய கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரில் இருந்த கீயாக இருக்கலாம். திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம். எல்லாமே முதல் நாள் பச்சை டிக் காட்டும். கம்பெனிகள் தங்கள் சொந்த சர்வர் வழியாகச் செய்கிற கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேட் செய்தால் கணக்கு 180 நாள், அதற்குள் கம்பெனியின் சர்வரைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் இருக்கிற உங்களுக்கு ஏது கம்பெனி சர்வர்?

அதனால்தான் ஐந்து நட்சத்திர ரிவ்யூக்களை நான் மதிப்பதே இல்லை. எல்லாம் வாங்கிய அன்றைக்கு, ஆக்டிவேட் ஆன சந்தோஷத்தில் எழுதியவை. ஏழாவது மாதம் யார் திரும்பி வந்து எழுதப் போகிறார்கள்?

விலை குறைவாக இருந்தாலே திருட்டு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆன்டிவைரஸ் பெட்டியில் போட்டிருக்கிற எம்ஆர்பிக்கும் ஆன்லைன் விலைக்கும் சம்பந்தமே இருக்காது, பெரும்பாலும் நல்ல சரக்குதான். வரைபட மென்பொருளான ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். ஆகவே விலையைப் பார்த்து மிரளுவதைவிட, இந்தச் சரக்கு இவன் கைக்கு எப்படி வந்தது என்று யோசியுங்கள். "லைஃப்டைம் ஃபோட்டோஷாப், புது வெர்ஷன், 999 ரூபாய்" என்று ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அடோபி 2013லேயே புது வெர்ஷன்களை மாதச் சந்தாவுக்கு மாற்றிவிட்டது, ஒரே தடவை பணம் கட்டி வாங்குகிற ஃபோட்டோஷாப் சிஎஸ்6ஓடு முடிந்தது. ஆவின் போடாத கலரில் ஆவின் பால் பாக்கெட் விற்கிற கதை இது. ஆஃபீஸ் 2019ஐயும் இன்னும் லைஃப்டைம் என்றே விற்கிறார்கள். அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்றே நின்றுவிட்டது.

சிலர் விவரமாக, "ஐரோப்பாவில் கோர்ட்டே அனுமதித்திருக்கிறது" என்பார்கள். உண்மைதான், 2012ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பழைய லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஆனால் முதலில் வாங்கியவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. தவிர அது அந்த ஊர்ச் சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கே ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. வீட்டுக்குப் போலீஸ் வருமா என்றால் பெரும்பாலும் வராது. ஆனால் கடை, ஆபீஸ் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இன்னொன்று. பணம் கட்டியதும் ஒரு பிடிஎஃப் வரும், அதில் முதல் வரியே "முதலில் டிஃபெண்டரை ஆஃப் செய்யவும்" என்று இருக்கும். டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸ். அங்கேயே நிறுத்திவிடுங்கள், போன காசு போகட்டும். லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்து தருகிற கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் பரவுவதை 2021ல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் எழுதியது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிற ரகம். அப்படி பேங்கிலிருந்து பணமே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள்.

பில் கேட்டுப் பாருங்கள், ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33ல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். பில்லில் மென்பொருளின் பெயர் இல்லாமல் "டிஜிட்டல் சர்வீஸ்" என்று மட்டும் போட்டிருந்தால், வாங்காமல் திரும்பிவர எனக்கு அது போதும்.

இதில் வேடிக்கை, விண்டோஸ் கீ தேடி வருகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு வருகிற பிராண்டட் லேப்டாப்களில் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஃபார்மேட் செய்து அதே எடிஷனைப் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் எடிஷன் இருந்த மெஷினில் யாரோ புரோ எடிஷனைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், இவர் புரோ கீக்கு 399 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பார்.

மருமகனுக்கு இலவச ஆஃபீஸ் மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தான், ஆனால் ரிப்போர்ட்டை அதிலேயே முடித்துவிட்டான். அவன் கல்லூரி மெயிலிலேயே ஆன்லைன் வேர்ட் இலவசமாக இருந்தது பிறகுதான் தெரிந்தது, முதல் வருடமே கொடுத்த மெயிலாம், துரை ஒருநாளும் திறந்ததில்லை.

போட்ட ஐந்து நட்சத்திரத்தை மாற்றி உண்மையை எழுதுடா என்று உட்கார வைத்தேன். தேடினோம். அந்தக் கடை அங்கே இல்லை. அதே படம், அதே 449 ரூபாய், வேறொரு பெயரில் புதுக் கடை இருந்தது. அதற்கு அதற்குள் பதினோரு ரிவ்யூ, பதினொன்றும் ஐந்து நட்சத்திரம்.