நிற்கிற மின்சார காரில் சத்தமா? பாகத்தை மாற்றும் முன் நேரத்தைக் குறியுங்கள்

"வண்டியைப் பூட்டிட்டு வந்தாச்சு, ஆனா உள்ளே ஏதோ ஓடுதே?" மின்சார கார் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கிற கேள்வி. இதற்கு சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "இவின்னா அப்படித்தான் இருக்கும்", இல்லையென்றால் "பம்பை மாத்திப் பார்ப்போம்". இரண்டையுமே ஏற்காதீர்கள் என்பேன். சத்தம் எப்போது வந்தது, அப்போது வண்டி என்ன நிலையில் இருந்தது என்று தெரிந்தால் எந்தப் பாகம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதிகம் பயமுறுத்துவது அடியிலிருந்து வரும் "டக்… டக்". அது கான்டாக்டர். பெரிய பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் கனமான ரிலே. வண்டியை ஆன் செய்ததும் முதலில் ப்ரீசார்ஜ் ரிலே ஒரு ரெசிஸ்டர் வழியாக இன்வெர்ட்டரின் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் பாகம்) கெப்பாசிட்டர்களை நிரப்பும். அதன் பிறகுதான் மெயின் கான்டாக்டர் மூடும். ஆகவே இரண்டு மூன்று டக் கேட்டால் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நள்ளிரவில் எப்போதாவது ஒன்று கேட்டாலும் பயமில்லை, சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு வண்டி பெரிய பேட்டரியிலிருந்து தானே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. ஆனால் மணிக்கு ஒருமுறை கேட்டால் விஷயம் வேறு. ஒன்று, அந்தச் சின்ன பேட்டரி தேய்ந்துவிட்டது. அல்லது ஏதோ ஒன்று வண்டியைத் தூங்கவிடாமல் எழுப்புகிறது. ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) செருகிய கருவியைக் கழற்றுங்கள், போன் ஆப்பிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள், சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு இரவு பாருங்கள்.

அப்படியும் நிற்கவில்லையா? அந்த 12 வோல்ட் பேட்டரியை அளக்க வேண்டியதுதான். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, உடனே மல்டிமீட்டரை வைத்தால் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். அது சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டர் கொடுக்கும் வோல்டேஜ். பேட்டரியின் உண்மை நிலை இல்லை. பானெட்டை முன்பே திறந்து வைத்து, வண்டியைப் பூட்டி, அது முழுதாக அடங்கும்வரை விட்டுவிட்டு அளக்க வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. முழுதாகச் சார்ஜ் செய்த பிறகும் ஒரே இரவில் 12-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ, கரன்ட் இழுக்கும் இடத்தையோ தேட வேண்டும். ஆன் செய்யும்போது டக் டக்கென்று அடித்துவிட்டு வண்டி தயார் நிலைக்கு வரவில்லை என்றால், திரும்பத் திரும்ப முயலாதீர்கள். ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் சூடேறிப் பழுதாகிவிடும்.

அடுத்தது "களக் களக்". கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) பாதையில் காற்று இருக்கிறது, அவ்வளவுதான். அண்மையில் யாராவது கூலன்ட் மாற்றியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். டேங்கில் ஊற்றி நிரப்புவதால் மட்டும் இது போகாது. வேக்குவம் போட்டு நிரப்ப வேண்டும், அல்லது ஸ்கேன் டூல் வழியாக பம்பை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்படியே விட்டால் பம்ப் காற்றோடு ஓடி பேரிங் தேயும், பிறகு களக் போய் "கிர்ர்" வரும். கூலன்ட்டும் கையேட்டில் சொன்ன அதே வகையாக இருக்கட்டும். சில வண்டிகளுக்கு மின்கடத்தும் தன்மை குறைந்த கூலன்ட் கட்டாயம். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. ரீங்காரம் மட்டும் என்றால், பம்பின் பிராக்கெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் அடங்கினால் பழுது ரப்பர் மவுன்ட்டில், பம்பில் இல்லை. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுழலும், கையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே வேண்டாம்.

ஃபாஸ்ட் சார்ஜில் ஃபேனும் கம்ப்ரஸரும் சேர்ந்து இரைவது பேட்டரியைக் குளிர்விக்க. ஏசியை அணைத்திருந்தாலும் ஓடும். நின்றபின் ஒரு நிமிடம் "ஸ்ஸ்" என்பது கேஸ் அழுத்தம் சமமாவது. கம்ப்ரஸர் வேலை பார்த்தவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: என்ன ஆயில் போட்டீர்கள்? இந்த ஹைவோல்டேஜ் கம்ப்ரஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில்தான். சாதாரண கார் ஏசிக்குப் போடும் பிஏஜி ஆயில் கலந்தால் இன்சுலேஷன் குறைந்து, வண்டி ஃபால்ட் காட்டிக் கிளம்பவே மறுக்கலாம்.

பூட்டிய பின் ப்ளோயர் ஓடுவது, காற்றைக் குளிர்விக்கும் ஏசி பாகமான எவாப்பரேட்டரைக் காயவைக்க. சில நிமிடம் கழித்து பின்சக்கரத்தில் "உர்ர்" என்பது சூடு ஆறிய டிஸ்க்கை ஹேண்ட் பிரேக் மறுபடி இறுக்குவது. பிரேக் மிதிக்க உதவும் வேக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில், பெடலைத் தொடாமலே சின்ன பம்ப் அடிக்கடி ஓடினால் ஹோஸிலோ செக் வால்விலோ கசிவு. பிரேக் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

சத்தத்தை போனில் பதிவு செய்து, கூடவே மணி, வெப்பநிலை, சார்ஜ் சதவீதம், பிளக் செருகியிருந்ததா என்பதை எழுதிக் கொடுங்கள். ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜில் மட்டும் ரீங்காரம் என்றால் சார்ஜிங் ஆம்பியரைக் குறைத்துப் பாருங்கள். கூடவே சத்தமும் குறைந்தால் வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் பக்கம் தேடலாம்.

தரைக்கு அடியில் படபடவென்று வெடிப்பும் சீறலும், கூடவே புகையோ கரைப்பான் போன்ற நெடியோ வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். அது பேட்டரி செல் வாயு கக்குவதாக இருக்கலாம். பொருளை எடுக்க உள்ளே போகாதீர்கள், பானெட்டைத் திறக்காதீர்கள். எல்லோரையும் தூரமாக விலக்கி, தீயணைப்புத் துறையை அழைத்து, மின்சார வண்டி என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.