பாப்பா கையில் ஒட்டிய பிறைநிலா

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதே என் மகள் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு வந்தாள். ஏழு வயசு. எங்கோ விழுந்துவிட்டாள் போல என்று கையை விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குத் தோல் கன்றிச் சிவந்திருந்தது. அதற்கு நடுவில் பாதி அழிந்த மஞ்சள் சூரியன். பக்கத்தில் நட்சத்திரத்தின் ஒரே ஒரு முனை.

முந்தின நாள்தான் ஒட்டிவிட்டேன். பிறந்தநாள் வீட்டில் கொடுத்த பையில் ஒரு டாட்டூ ஸ்டிக்கர் அட்டை இருந்தது. சூரியன், நிலா, நட்சத்திரம் என்று பதினாறு படங்கள். வகுப்பில் டாட்டூ போட்டு வரக்கூடாது என்று குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு நாரால் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். "போகவே மாட்டேங்குதும்மா, எல்லாரும் பாத்தாங்க" என்றாள். அந்த "எல்லாரும் பாத்தாங்க"வில்தான் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்குப் போய்ப் பேசினேன். டாட்டூ என்றாலே கெட்ட பழக்கம், சின்ன வயசிலேயே இதெல்லாம் எதற்கு என்றார்கள். விதி இருந்தால் டைரியில் எழுதி அனுப்புங்கள், வீட்டிலேயே எடுத்து அனுப்புகிறேன், குழந்தையின் தோலைத் தேய்க்காதீர்கள் என்று சொன்னேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், இனிமேல் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அவரோடு எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த "கெட்ட பழக்கம்" என்ற வார்த்தையை என்னால் விடமுடியவில்லை.

எங்கள் அப்பத்தாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருக்கும். ஒரு கோலம், ஒரு தேள், நடுவில் வரிசையாகப் புள்ளிகள். கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த குறத்தியம்மாவிடம் குத்திக்கொண்டதாம். ஊசி வலி தெரியாமலிருக்க அந்தம்மா பாடிக்கொண்டே குத்துவாராம். "தங்கம் வெள்ளியெல்லாம் கழட்டி வச்சிக்கிருவாக. இது ஒண்ணுதான் கூடவே வரும்" என்று கையைத் தடவிக்கொண்டே சொல்வார். அவருடைய கையை எந்தப் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தேய்ப்பது? உடம்பில் படம் எழுதிப் பார்க்கிற ஆசை நம் வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான். மருதாணி வைக்கும்போது உள்ளங்கையில் என்ன வைப்போம்? நடுவில் வட்டமாக ஒரு நிலா, சுற்றிலும் புள்ளி புள்ளியாக நட்சத்திரம், விரல் நுனிக்குத் தொப்பி. அந்தக் கையோடு பள்ளிக்குப் போனால் "நல்லா சிவந்திருக்கே" என்பார்கள். என் பெண்ணும் அதே நிலாவைத்தான் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

சரி, அந்த ஸ்டிக்கரில் அப்படி என்னதான் இருக்கிறது? சுவிங்கத்தோடு வந்ததை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்ட தலைமுறை நாம், நமக்கு இது தெரிந்ததுதான். தண்ணீர் பட்டால் கரைகிற பூச்சு தடவிய காகிதம். அதன்மேல் படத்தைத் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி அச்சடித்திருப்பார்கள். அதற்கு மேல் மெல்லிய பசை, பசை ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாள். தாளை உரித்துவிட்டுப் படத்தைத் தோலில் கவிழ்த்து வைத்து, ஈரத்துணியால் முப்பது எண்ணும்வரை அழுத்தினால், பூச்சு கரைந்து காகிதம் வழுக்கிக்கொண்டு வரும். படம் தோலில் நிற்கும். ஊசி கிடையாது, தோலுக்குள் எதுவும் போவது கிடையாது. மேல்தோலில் உட்கார்ந்திருக்கிற ஒரு மெல்லிய ஏடு, நாலைந்து நாளில் தானே உரிந்துவிடும். அதற்குள் எடுக்கவேண்டுமென்றால் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். பசை எண்ணெய்க்கு இளகும், சோப்புக்கும் நாருக்கும் இளகாது. அன்றைக்குக் குழாயடியில் யாராவது இதை அறிந்திருந்தால் அவள் கை கன்றியிருக்காது.

எதையும் பார்க்காமல் ஒட்டலாம் என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் பெரும்பாலும் 3 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும், அதை மதிக்கவேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டாம். கரப்பான், சொறி, புண் இருக்கிற இடத்திலும் கண்ணுக்குப் பக்கத்திலும் வேண்டாம். நான் எப்போதும் முதலில் ஒரு குட்டி நட்சத்திரத்தை மட்டும் ஒட்டி ஒரு நாள் பார்ப்பேன். அரித்தால் அந்த அட்டை குப்பைக்கு. தயாரித்தவர் பேர், தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இதெல்லாம் அச்சிட்டிருக்கவேண்டும் என்றுதான் நம் நாட்டின் 2020 அழகுசாதனப் பொருள் விதிகள் சொல்கின்றன. வெறும் சீன எழுத்து மட்டும் இருக்கிற அட்டையை நான் வாங்குவதில்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதைப் பற்றி எந்தப் பள்ளியும் டைரியில் எழுதி நான் பார்த்ததில்லை. கண்காட்சியிலும் கல்யாண மண்டப வாசலிலும் "பத்தே நிமிஷத்துல கருப்பா பிடிக்கும்" என்று வரைகிறார்களே, அந்தக் கருப்பு மெஹந்தி. மருதாணி இலையில் இருக்கிற லாசோன் என்ற சாயம் தோலில் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஆரஞ்சாகி, போகப்போகச் செம்பழுப்பாகும். அதற்கே மணிக்கணக்கில் ஆகும். பத்து நிமிஷத்தில் மைக்கருப்பாக ஏறுகிற மருதாணி என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படி ஏறினால் தலைமுடிச் சாயத்தில் போடுகிற பிபிடி, அதாவது பாரா-ஃபீனைலீன்டைஅமீன், கலந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவில் முடிச் சாயத்திலேயே தலையில் படும்போது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தோலில் வரைய அதற்கு அனுமதியே கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் கருப்பு மெஹந்தியைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.

என் அண்ணன் மகளுக்கு இது நடந்தது. உறவுக்காரர் கல்யாணத்தில் மணிக்கட்டில் ஒரு பிறையும் மூன்று நட்சத்திரமும் வரைந்துகொண்டாள். அன்றைக்கும் ஒன்றுமில்லை, மறுநாளும் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் கொப்புளம். கோடு எங்கெங்கே போனதோ அங்கங்கே மட்டும் தோல் பொங்கி, பிறை பிறையாகவே, நட்சத்திரம் நட்சத்திரமாகவே எழும்பி நின்றது. அந்தக் கையைப் பார்த்த யாருக்கும் அது மறக்காது. ஆறின பிறகும் அந்த இடம் வெளிறிக்கிடந்தது. தோல் மருத்துவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஒருமுறை உடம்பு இதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொண்டால் விடாது, பெரியவளான பிறகும் தலைக்கு டை போட்டால் முகமே வீங்கிப்போகலாம். பதினொரு வயசுப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஒரு எச்சரிக்கை. இதைத் தடுக்க ஒரு விதி போடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

மறுபடி என் மகள் கதைக்கு வருகிறேன். அந்த அட்டையில் மிச்சம் ஒரே ஒரு நிலாதான் இருந்தது, அவள் அதைத் தொடவேயில்லை. நாலாம் நாள் ஒரு கேள்வி கேட்டாள். "அட்டையில நிலா இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு, கையில ஒட்டினா அந்தப் பக்கம் வளைஞ்சிடுது. நெஜ நிலா எந்தப் பக்கம்மா?" இடவலம் மாற்றி அச்சடிப்பதை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்! காலண்டரைப் பார்த்தேன், மறுநாள் மூன்றாம் பிறை. சனிக்கிழமை வேறு.

சூரியன் மறைந்து அரைமணி நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனோம். மேற்கே தென்னை மரத்துக்கு மேலே நின்றது. எந்தப் பக்கமும் வளையவில்லை, படகு மாதிரி மல்லாந்து கிடந்தது. அட்டையில் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்கிற பிறை வடக்கே தள்ளியிருக்கிற நாடுகளில் தெரிகிற பிறை. நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் சூரியனும் நிலாவும் அடிவானத்தில் ஏறக்குறைய நேராக இறங்கும். சூரியன் கீழே இருப்பதால் வெளிச்சமும் நிலாவின் அடிப்பக்கத்தில் விழுகிறது. இன்னொன்றையும் அவளே பார்த்தாள். பிறைக்கு மேலே மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது, பூமியில் பட்ட வெயில் திரும்பி அங்கே போய் விழுகிற வெளிச்சம் அது. "அப்ப நிலா முழுசாத்தான் இருக்கா? நட்சத்திரத்த எப்படி அதுக்குள்ள வரைஞ்சாங்க?" என்றாள். அட்டையில் பிறையின் வாய்க்குள் ஒரு நட்சத்திரம் இருந்தது. நிலாவுக்கு முன்னால் எந்த நட்சத்திரமும் வந்து நிற்கமுடியாது என்று நான் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை.

கீழே ஓடிப்போய் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். நட்சத்திரத்தைத் தனியாக வெட்டினோம். "படகு மாதிரி ஒட்டும்மா, நட்சத்திரம் வெளியில" என்றாள். கன்றல் ஆறாத இடத்தை விட்டுவிட்டு வலது கையில் வைத்து, முப்பது எண்ணி, காகிதத்தை இழுத்தேன். நிலா மறைவதற்குள் திரும்ப மாடிக்கு ஓடினோம். கையை நீட்டி, தென்னைக்கு மேலே இருந்த பிறைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ஒத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் சாஞ்சிருச்சும்மா."