போர்த் டோரே அருங்காட்சியகம் எங்களுடையதும்தான்

பேசாமல் இருப்போம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

போர்த் டோரே அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த தமிழ்ப் பள்ளிச் சுற்றுலாவை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு வட்ஸ்அப் குழுவில் வந்த பதிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அது கறுப்பரும் அரபுக்காரரும் வந்த கதை. எங்கட பிள்ளையளுக்கு அங்க என்ன இருக்கு? லூவருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

லூவர் அருங்காட்சியகத்துக்கும் போகட்டும். ஆனால் பாரிஸ் 12ஆம் வட்டாரத்தில், போர்த் டோரேயில் இருப்பது குடிவரவு வரலாற்று அருங்காட்சியகம். நாங்கள் குடிவந்தவர்கள் இல்லையா?

என் அண்ணா எண்பதுகளின் கடைசியில் வந்தவர். ஒரே அறையில் ஏழு பேர், முறை வைத்துப் படுக்கை. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கும் விசாத் தாள் மடிப்பில் கிழிந்துபோக, டேப் ஒட்டி, பொலித்தீன் பைக்குள் போட்டு சேர்ட் பொக்கற்றில் வைத்திருப்பார். விடியமுன் விசா வரிசையில் நின்றபோது எந்தத் தாளை எந்த யன்னலில் கொடுப்பது என்று காட்டிக் கொடுத்தது ஒரு மாலி நாட்டுக்காரர். அவருடைய கதைதான் "எங்கட பிள்ளையளுக்கு" வேண்டாமாம்.

"அது காலனிக் காலக் கட்டடம்" என்று ஒருவர் எழுதுகிறார். உண்மை. 1931 காலனியக் கண்காட்சிக்காகக் கட்டியது. காலனிகளின் மக்கள் விளைவித்ததும் சுமந்ததும் பிரான்சுக்குப் போவதை வெளிச்சுவர் முழுக்கச் சிற்பி ஜனியோ செதுக்கி வைத்திருக்கிறார். பாண்டிச்சேரியும் காரைக்காலும் அன்றைக்கு அதே ஆட்சிக்குள்தான் இருந்தன. அதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா?

"அரசாங்கப் பிரசாரம்" என்கிறார் இன்னொருவர். 2007இல் திறந்தபோது ஜனாதிபதி சர்கோசி அந்தப் பக்கமே வரவில்லை. 2014 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதி ஒலாந்து வந்துதான் முறைப்படி திறந்துவைத்தார். 2010இல் விசா இல்லாத தொழிலாளர்கள் அதற்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். பிரசாரக் கூடத்திலா இதெல்லாம் நடக்கும்?

"அங்கே தமிழரைப் பற்றி என்ன இருக்கு?" என்பவர்களே, சாதாரண மக்கள் கொடுத்த குடும்பப் பொருட்களும் கதைகளும் அங்கே சேகரிப்பில் இருக்கின்றன. நாங்கள் என்ன கொடுத்தோம்? அண்ணாவின் அந்தத் தாள் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது.

எனக்கு நோகிறது சுற்றுலா நின்றதற்காக இல்லை. வேலையிடத்தில் எங்களை யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் இனவாதம் என்கிறோம். அதே பார்வையை, தமிழ் படிக்க வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு நாங்களே பழக்குகிறோம். அந்தப் பதிலுக்குக் கைதட்டல் போட்டவர்களில் பாதிப் பேர் அண்ணாவோடு அதே வரிசையில் நின்றவர்கள்!

மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நுழைவு இலவசம். என் பிள்ளைகளோடு நான் போகிறேன். மெட்ரோ 8, போர்த் டோரேயில் இறங்குங்கள். நிர்வாகத்தினர் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வட்ஸ்அப்பில் இல்லை, எங்கள் முகத்தைப் பார்த்து.