யாருக்குத் தொலைந்த தேரை?

"30 வருடங்களாகத் தொலைந்திருந்த தேரை கண்டுபிடிப்பு." 2019 டிசம்பரில் வந்த செய்தி இது. யாரோ பகிர்ந்து இந்த வாரம் மறுபடி என் டைம்லைனில் வந்து நின்றது. கறுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். 'நட்சத்திர இரவுத் தேரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படம் அழகுதான். தலைப்புதான் உறுத்துகிறது.

கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளப்பவன் உண்டு என்போம். இது கல்லுக்குள் கூட இல்லை. கொலம்பியாவின் வடக்குக் கரையில், சியரா நெவாடா தெ சாந்தா மார்த்தா மலையில், சொக்ரோமே என்கிற அருவாக்கோ மக்களின் ஊரையொட்டி, ஓடைப் பக்கமாக அது பாட்டுக்கு இருந்தது. அந்த ஊரில் அதற்குப் பெயர் கௌனா. அதை அடையாளமாக வைத்துத்தான் எப்போது விதைப்பது, எப்போது சடங்கு செய்வது என்று பார்க்கிறார்கள். அவர்களிடம் போய் "உங்கள் தேரை கிடைத்துவிட்டது" என்றால் சிரிக்க மாட்டார்களா?

1991க்குப் பிறகு ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்யவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆய்வாளர்களின் கவலையையும் குறை சொல்ல முடியாது. இந்தத் தேரையின் பேரினமான அத்தெலோப்பஸில் அறியப்பட்ட 96 வகைகளில் 80 வகை அழிந்துவிட்டது அல்லது அழிவின் பக்கத்தில் நிற்கிறது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் ஓடை ஓடையாகத் துடைத்துவிட்டது. அதனால் பதறினார்கள், சரி.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். கொலம்பியாவின் அத்தெலோப்பஸ் அறக்கட்டளையினர் ஊர்க்காரர்களிடம் அனுமதி கேட்டார்கள். உடனே கிடைக்கவில்லை. பேசினார்கள், மறுபடி போய்ப் பேசினார்கள். நாலு வருடம் ஆனது. மாமோக்கள் (அந்த மக்களின் ஆன்மிகத் தலைவர்கள், நம் மாமாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) கடைசியில் சரி என்றபோதும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். முதல் தடவை கேமரா இல்லாமல் வா. பார், திரும்பிப் போ. அந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் படம் எடுக்க விட்டார்கள். ஒரே இடத்தில் 30 தேரைகள் இருந்தன.

அங்கே எல்லாமே இப்படி அனுமதி கேட்டுத்தான் வெளியே தெரிய வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். முதுகு செம்பட்டையான ஒரு மர எலி சுமார் நூறு வருடங்களாக ஆய்வாளர்கள் கண்ணில் படவில்லை. 2011ல் ஒரு ராத்திரி, எல் தொராதோ பறவைக் காப்பகத்தின் விடுதிக்கு அதுவாகவே வந்து, கைப்பிடியில் ஏறி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போஸ் கொடுத்துவிட்டுப் போயிற்று. எலிக்கு எந்த மாமோவின் அனுமதியும் தேவைப்படவில்லை போல.

மலையைப் பற்றிக் கொஞ்சம். ஆண்டிஸ் தொடரோடு ஒட்டாமல் தனியே நிற்கிற மலை. கரீபியன் கடற்கரையிலிருந்து வெறும் 42 கிலோமீட்டரில் சுமார் 5,700 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. கீழே சதுப்புக்காடும் பவளப்பாறையும், மேலே பனி. நடுவில் மேகக்காடு, புல்வெளி எல்லாம். உலகத்தின் மிக உயரமான கடலோர மலைகளில் இதுவும் ஒன்று. வேறெங்கும் இல்லாத கிளி, ரீங்காரச்சிட்டு, தவளை என்று இங்கே கூட்டம் கூட்டமாக இருப்பதற்கு இந்தத் தனிமைதான் காரணம். 2013ல் உலகெங்கும் 1,73,000 பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, இழந்தால் ஈடே செய்ய முடியாத இடங்களில் முதலாவதாக இந்த மலையின் தேசியப் பூங்காவைச் சொன்னது.

இங்கே நாலு மக்கள்: கோகி, அருவாக்கோ, வீவா, கங்குவாமோ. மலைதான் உலகத்தின் இதயம், தாங்கள் அண்ணன்மார், மற்ற நாமெல்லாம் தம்பிமார் என்பது அவர்கள் கணக்கு. (பொறுப்பில்லாத தம்பிகள் என்று அர்த்தம்.) மலையைச் சுற்றி 'கறுப்புக் கோடு' என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். ஆற்று முகத்துவாரம், ஏரி, குன்று என்று புனித இடங்களை இணைக்கிற கோடு. 2018ல் கொலம்பிய அரசு வெளியிட்ட ஆணையில் இப்படி 348 இடங்கள் பட்டியலிடப்பட்டன. முகத்துவாரத்தைக் கெடுத்தால் பனிமுகடு நோய்ப்படும் என்கிறார்கள்.

எனக்குப் பெரிய பக்தி எதுவும் கிடையாது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள பக்தி தேவையில்லை, வெற்றிலை போட்டவர்களைப் பார்த்திருந்தால் போதும். அங்கே ஆண்கள் கோக்கா இலை மெல்வார்கள். அதோடு சுண்ணாம்பு வேண்டும். நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரியே, கடற்சிப்பியைச் சுட்டுப் பொடித்தது. பொப்போரோ என்கிற சுரைக்குடுவையில் அதை வைத்துக்கொண்டு குச்சியால் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். வாலிபம் வந்த பையனுக்கு அந்தக் குடுவையைக் கொடுப்பதே ஒரு சடங்கு. சிப்பிக்குக் கடலுக்குப் போயாக வேண்டும். ஆகவே மலைக்காரர்களுக்குக் கடல் வேண்டும். கரையில் துறைமுகமும் விடுதியும் வேலி போட்டால், மேலே ஒரு பையன் ஆண்மகன் ஆவதிலேயே சிக்கல் வருகிறது.

இந்த மக்களைப் பற்றி வாட்ஸாப்பில் சுற்றுகிற பதிவுகளும் எனக்கு அலர்ஜி. வெள்ளை உடை, நீண்ட முடி, பின்னால் மேகம், கீழே 'பூமியைக் காக்கும் ஞானிகள்' என்று வாசகம். ஞானிகளாக இருக்கட்டும். அவர்கள் பட்டது என்ன என்று அதில் ஒரு வரி இருக்காது.

1916ல் அருவாக்கோ தலைவர்கள் தலைநகர் பொகோட்டாவுக்கே போய், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர ஆசிரியர்களை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். வாத்தியார் கேட்டார்கள், பாதிரியார் வந்தார்கள். கபுச்சின் என்கிற கத்தோலிக்கத் துறவிகளின் மிஷன் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் போட்டது, முடியை வெட்டியது, தாய்மொழி பேசக்கூடாது என்றது. அந்த மிஷனை அருவாக்கோக்களின் முக்கிய ஊரான நபுசிமாக்கேயிலிருந்து வெளியேற்ற 1982 வரை ஆனது. எழுபதுகளில் கஞ்சா வியாபாரம் மலையேறியது. அப்புறம் துப்பாக்கிகள், எல்லாத் தரப்பிலிருந்தும். 1990ல் பொகோட்டாவுக்குப் பயணப்பட்ட மூன்று அருவாக்கோ தலைவர்கள் வழியில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கங்குவாமோ மக்களில் நூற்றுக்கணக்கானோர் ஆயுதக் குழுக்களுக்குப் பலியானார்கள். அவர்கள் தாய்மொழி ஏற்கெனவே பேச்சில் அழிந்துவிட்டிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் வழக்குப் போட்டு, நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, சங்கம் வைத்து, அமைச்சரோடு உட்கார்ந்து பேசித்தான் நிற்கிறார்கள். மேகத்தில் மிதக்கிறவர்கள் செய்கிற வேலையா இது?

'கண்டுபிடிப்பு' என்ற சொல்லுக்கே வருகிறேன். இதே மலையில் 'தொலைந்த நகரம்' என்று ஒன்று உண்டு. சுற்றுலாக்காரர்கள் நாலு நாள் நடந்து போய்ப் பார்க்கிற கல்தளங்கள். சுமார் 1,200 படிகள். எழுபதுகளில் அதைக் 'கண்டுபிடித்தவர்கள்' புதையல் திருடர்கள். கல்லறையிலிருந்த பொன்னைக் கொள்ளையடித்து, பங்கு பிரிப்பதில் ஒருவரையொருவர் கொன்று, பொருட்கள் சந்தைக்கு வந்தபோதுதான் தொல்லியல்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. மலை மக்களுக்கு அது எப்போதும் தெயூனா. அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது என்பது பார்த்தாலே தெரிகிறதே.

மலையடிவாரத்தில் கடலோரமாக இருக்கும் தைரோனா பூங்காவை, இந்த மக்கள் கேட்டுக்கொண்டதால் 2015ல் முதல் முறையாகச் சுற்றுலாவுக்கு மூடினார்கள். காடும் கடலும் மூச்சு விடட்டும் என்று. இப்போது வருடத்தில் மூன்று தடவை, பதினைந்து பதினைந்து நாள். தெயூனாவுக்கும் செப்டம்பரில் வழி அடைக்கிற வழக்கம் உண்டு.

ஊர் சுற்றும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பூங்கா பாதி வருஷம் மூடியேதான் கிடக்கும்னு சொல்லுங்க" என்றார்.

பாதி வருஷம் இல்லை, 45 நாள்தான் என்றேன்.