மறுபடியும் அதே வீடியோ

காலையில் பால் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. "ஊத்தங்கரையில் இப்போது வெள்ளம், உடனே பகிரவும்." பதறித் திறந்தால், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது கார்களும் வேன்களும் அடித்துச் செல்லப்பட்ட அதே காட்சி. அன்று ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அங்கே இருக்கும் அக்காவுக்கு கிருஷ்ணகிரியிலிருந்து போன் போட்டேன். "வெயில் காயுதுடா, மொளகா காய வச்சிருக்கேன்" என்றாள். அந்த ஐந்து நிமிஷம் என் கை நடுங்கியதே, அதற்கு யார் பதில் சொல்வது?

கீழேயே பெரியப்பா "சாமி குத்தம்" என்று எழுதுகிறார். அரிசி மூட்டை நனைந்து நின்றவர்கள் என்ன குத்தம் செய்தார்கள்? சித்தப்பா அதிலும் கட்சியை இழுக்கிறார். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று அனுப்புகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். இதே வதந்தியை நம்பி அவரை அடித்தே கொன்றார்கள்.

இதை எழுதி அனுப்பினேன். பெரியப்பா ஒரு கும்பிடு போட்டார். பத்தே நிமிஷம், அத்தையிடமிருந்து அதே செய்தி.