மாந்தோப்பில் செம்மறி விடுங்கள், வெள்ளாடு வேண்டாம்

மாங்காய் வெட்டு முடிந்து புல் தழைத்ததும் எங்கள் பக்கம் வருஷா வருஷம் இதே சண்டைதான். பரதராமி தாண்டிச் சித்தூர் போகிற வழியில் பெங்களூரா ரக மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருத்தர் "ஆடு கால் வைத்தால் மரம் போச்சு" என்பார். பக்கத்துத் தோப்புக்காரர் எதையும் கேட்காமல் மந்தையை உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் மந்தைக்காரரோடு மல்லுக்கு நிற்பார். செம்மறியும் வெள்ளாடும் ஒன்றில்லை என்பதை இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

வெள்ளாடு தழைக்கு அலைகிற ஜென்மம். பின்னங்காலில் எழுந்து நின்று ஆள் உயரக் கிளையை வளைக்கும், அது எட்டாவிட்டால் பட்டையில் வாய் வைக்கும். கீழ்ப்பல்லைக் கொடுத்து மேலே ஒரு இழுப்பு, இளமரத்துப் பட்டை நார் நாராக வந்துவிடும். அடிமரத்தைச் சுற்றி உரித்துவிட்டால் இலையில் உண்டான சத்து வேருக்கு இறங்காது, மரம் காலி. புழுக்கையைக் கரைத்துப் பூசினால் கடிக்காது என்பார்கள். உண்மைதான், அடுத்த மழை வரைக்கும்.

செம்மறி குனிந்து புல் மேய்கிறது. குடிக்கத் தண்ணீரும் நக்க உப்புக்கட்டியும் இருந்தால் வளர்ந்த மரத்தை அநேகமாகச் சீண்டாது. அதற்காகக் கன்று நட்ட தோப்பில் விடாதீர்கள், கிளை தாழ்ந்த அடர் நடவில் பேச்சே வேண்டாம். மண் சொதசொதவென்று இருக்கும்போதும் வேண்டாம், குளம்பு பட்டு இறுகிவிடும். மத்தியான வெயிலில் மந்தை மொத்தமும் ஒரே மரத்தடியில்தான் போய்ப் படுக்கும், அதை எழுப்பி நகர்த்த ஆள் வேண்டும். பூ எடுப்பதற்கு முன்னால் வெளியே ஓட்டிவிட வேண்டும். இவ்வளவு பார்த்துக்கொண்டால் களைக்கொல்லிச் செலவு மிச்சம், ராத்திரிக்கு மந்தையைத் தோப்பிலேயே அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கே. சீசன் கடைசியில் உதிர்ந்து கிடக்கிற அழுகல் பழத்தைத் தின்றுவிட்டால் அதிலிருக்கிற பழ ஈ புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாக முடியாது. ஆனால் வெறும் வயிற்றோடு பழத்தில் விட்டால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும், முதலில் புல்லோ சோளத்தட்டோ தின்றிருக்க வேண்டும்.

சரி, மரத்துக்கு ஆட்டால் என்ன ஆகும் என்று இவ்வளவு கவலைப்படுகிறோமே, நாம் மரத்துக்கு அடித்த மருந்து ஆட்டை என்ன செய்யும் என்று யாராவது கேட்கிறோமா? பூச்சிமருந்து ஒருபக்கம் இருக்கட்டும். போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு எல்லாம் பூஞ்சைக்கு அடிக்கிற தாமிர மருந்துகள். மாட்டைவிட, வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் தாமிரம் ஆகாது, ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒரு நாள் மூத்திரம் காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளிக்கும், அதற்குப் பிறகு பிழைப்பது அரிது. அதற்குள் மந்தை நாலு தோப்பு தாண்டியிருக்கும், யார் தோப்புப் புல்லில் அந்த மருந்து இருந்தது என்று எங்கே போய்க் கேட்பது? பாவம், மந்தைக்காரர் ஏதோ நோய் என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் தாமிரம் அடித்த தோப்பில் அந்த சீசனுக்குச் செம்மறி வேண்டாம் என்பது என் கட்சி. மழை பெய்து கழுவிவிட்டதே என்கிறார்கள், கழுவின மருந்து புல்லுக்கும் மண்ணுக்கும்தானே வந்திருக்கிறது? கிடை போட ஆள் சொல்லுங்கள் என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்கள் என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் நான் யார் நம்பரும் தருவதாக இல்லை.