மொய் வைக்க நேரில் வந்த துருக்கி

போன வாரம் கடைக்கு ஒரு சோமாலியப் பெரியவர் வந்தார், கூட மகன். வேலூர் காந்தி ரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதில்லை. இங்கே லாட்ஜ் பையன்களே வங்காளம் பேசுவார்கள். மாத்திரையை எண்ணிக்கொண்டே, "வைத்தியத்துக்கு இவ்வளவு தூரம் அலைகிறீர்களே?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். "அடுத்த தடவை இஸ்தான்புல்தான். நேரடி விமானம் இருக்கிறது" என்றான் மகன். எனக்குச் சுருக்கென்றது.

அந்த விமானம் சும்மா வந்துவிடவில்லை. 2011இல் சோமாலியாவில் கொடும் பஞ்சம். வெளிநாட்டுத் தூதர்கள் பலர் பக்கத்து நாடான கென்யாவின் நைரோபியில் உட்கார்ந்தபடியே சோமாலியாவைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆகஸ்டில், அப்போது துருக்கிப் பிரதமராக இருந்த எர்டோகன் குடும்பத்தோடு சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் போய் இறங்கினார். 2012 மார்ச்சில் துருக்கி விமானமும் பறக்க ஆரம்பித்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, 2017இல் ராணுவப் பயிற்சி முகாம்.

தர்மம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். மொகதிஷுவின் விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் நடத்துவது துருக்கி கம்பெனிகள். 2024இல் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள்; அதே வருஷம் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக் கப்பலும் போனது. மொய்க் கணக்குதான், வைத்தது திரும்பி வர வேண்டும். ஆனாலும் வீடு தேடி வந்து மொய் வைப்பவரும், ஜிபேயில் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவரும் ஒன்றா?

நாம் என்ன செய்தோம்? 2015இல் டெல்லியில் ஆப்பிரிக்க மாநாடு, 41 நாட்டுத் தலைவர்கள். 1,000 கோடி டாலர் கடன், 50,000 கல்வி உதவித்தொகை என்று அறிவித்தோம். அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த மாநாடு கூடவே இல்லை. 2023இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தை ஜி20க்குள் கொண்டுவந்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து மொகதிஷுக்காரன் டிக்கெட் எடுக்க முடியாதே.

கொடுக்க நம்மிடம் சரக்கு இல்லாமலும் இல்லை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், எத்தியோப்பியாவின் தோல் நிறுவனத்தோடு சேர்ந்து அங்குள்ளவர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது. நம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் பழுத்த ஆட்கள் எத்தனை பேர்! (பாலாற்றை என்ன பாடு படுத்தினோம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.) அவர்களில் நாலு பேரை அங்கே ரெண்டு வருஷம் தங்கவைக்க ஆகிற செலவு, ஒரு மாநாட்டுப் பந்தல் செலவுகூட வராது.

பெரியவர் பில்லைப் பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார். ஒரு மாதத்துக்குக் கேட்டிருந்த மாத்திரையை மூன்று மாதத்துக்காக மாற்றி வாங்கிக்கொண்டு போனார்கள்.